ஏற்றம் எத்தனை மணிக்கு? பொழிமுகத்துப் பலகைக்கு எந்தக் கணக்கை எடுப்பது

ஐப்பசியில் ஒரு விடியற்காலை. கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயல் கடலைச் சேரும் பொழியருகே வள்ளத்தோடு காத்து நின்றவர்களிடம், இன்றைக்கு ஏற்றம், அதாவது கடல் ஏறி உச்சிக்கு வருவது, எத்தனை மணிக்கு என்று கேட்டேன். என் மாமா திதியைச் சொல்லி, விரல்விட்டு எண்ணி, ஒரு நேரம் சொன்னார். அவருடைய பேரன் கைப்பேசியைத் தட்டி வேறொரு நேரத்தைக் காட்டினான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் தூத்துக்குடிக்கான அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்; அவர் சொன்னது மூன்றாவது நேரம். முதல் நேரத்துக்கும் கடைசி நேரத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி. அன்று தண்ணீர் இந்த மூன்றில் எதற்கும் சரியாக நிற்கவில்லை.

அந்தக் காலைக்குப் பிறகுதான், ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்று எழுதிப்போட ஒரு பலகை வைக்கலாம் என்று எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்பவன் என்பதால், எந்தக் கணக்கை எழுதுவது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட ஓத அட்டவணையை, அதாவது கடலின் ஏற்ற வற்ற அட்டவணையை, முதுகெலும்பாக வைக்க வேண்டும். அதை நம் பொழிக்குத் திருத்த, நாமே ஒரு மாதம் அளவுகோல் நட்டுப் பார்க்க வேண்டும். திதிக் கணக்கு சரிபார்ப்பதற்கு. செயலி அவசரத்துக்கு மட்டும். ஏன் இப்படி வரிசைப்படுத்தினேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. நம் மாவட்டத்தின் மற்றக் கரை ஊர்களும் இதே கேள்வியோடு இருக்கலாம்.

ஒரே கடலுக்கு ஏன் பல நேரம்?

ஏற்றம் என்பது நிலா இழுத்த இடத்தில் தண்ணீர் குவிந்து நிற்பது என்றுதான் பள்ளியில் படித்தோம். கடல் பூமி முழுவதையும் ஒரே ஆழத்தில் மூடியிருந்தால் அது ஓரளவு பொருந்தும். நிஜத்தில் நிலமும் தீவுகளும் ஆழமில்லாத மேடைகளும் குறுக்கே நிற்கின்றன. ஆகவே ஓதம் ஒரு நீண்ட அலையாகக் கடலுக்குள் பயணம் செய்கிறது. ஒவ்வொரு கரையையும் ஒவ்வொரு நேரத்தில் தொடுகிறது. ஒரே நேரத்தில் ஏற்றம் வரும் இடங்களைக் கோட்டால் இணைத்து உலக வரைபடம் ஒன்றை 1833-இல் வெளியிட்டார் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல். அது போதாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. 1835 ஜூனில் 9 நாடுகளின் 600-க்கும் மேற்பட்ட கரையோர இடங்களில் ஒரே நாட்களில் கடல்மட்டத்தை அளக்க ஏற்பாடு செய்தார். அளந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் கடலோரக் காவல் ஊழியர்கள். பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். எங்கள் பேரவையில் சிலர், இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று தயங்கியபோது நான் இதைத்தான் எடுத்துச் சொன்னேன்.

அந்த அளவுகளிலிருந்து வியப்பான ஒன்று வெளிப்பட்டது. ஓத அலை சில இடங்களில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சக்கரம்போல் சுழல்கிறது. அந்தப் புள்ளியில் தண்ணீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வடகடலின் நடுவே அப்படி ஓரிடம் இருக்க வேண்டும் என்று ஹியூவெல் 1836-இல் கணித்தார். கேப்டன் ஹெவெட் என்பவர் 1840-இல் அங்கே கப்பலை நிறுத்தி அளந்து, அது உண்மை என்று காட்டினார். சம நேரக் கோடுகள் இத்தகைய புள்ளிகளிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் விரிகின்றன. ஆரங்கள் நெருங்கும் இடத்தில் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே நேரம் வெகுவாக மாறும். விலகும் இடத்தில் நூறு கிலோமீட்டர் போனாலும் நேரம் அதிகம் மாறாது.

இனி நம் மாவட்டத்தின் இருப்பைப் பாருங்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரை. ஒரு முனை அரபிக்கடலுக்கு, மறுமுனை மன்னார் வளைகுடாவுக்கு. மீன்பிடித் தடைக்காலமே நமக்கு இரண்டு: சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரையின் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கத்துக்கு மேற்குக் கரையின் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஓதத்திலும் நாம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறோம். மேற்கே கொச்சியின் நேரமும் கிழக்கே தூத்துக்குடியின் நேரமும் ஒன்றல்ல. இரண்டில் எதை அப்படியே எடுத்து எழுதினாலும் அது நம் நேரம் ஆகாது. அன்றைய விடியற்காலையில் அண்ணனுக்கு நேர்ந்தது அதுதான்.

இன்னொரு குணமும் நமக்குண்டு. குஜராத்தின் பாவ்நகரில் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் ஓதம், நம் கரையில் ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை. அட்டமியை ஒட்டிய நாட்களில் ஓர் அடி அளவுக்குச் சுருங்கிவிடும். இவ்வளவு சிறிய ஏற்றத்துக்கு எதற்குப் பலகை என்று கேட்பவர்கள், மணல் படிந்த பொழியில் வள்ளத்தின் அடிக்கும் மணலுக்கும் இடையே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒருநாள் எட்டிப் பார்க்கட்டும். அந்த ஓர் அடியில்தான் எல்லாம் இருக்கிறது.

திதிக் கணக்கு

மாமா சொன்ன நேரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. ஏற்றமும் அதே அளவு தள்ளிப்போகிறது. நம் பழைய கணக்கில் 50 நிமிடம் என்பது ஏறத்தாழ இரண்டு நாழிகை. "நேற்றைக்கு இன்றைக்கு இரண்டு நாழிகை" என்று மாமா சொல்வதும் கணிப்பொறி சொல்வதும் அடிப்படையில் ஒன்றே. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சராசரியாக 12 மணி 25 நிமிடம் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது.

அதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று திதியில் ஒளிந்திருக்கிறது. அமாவாசையன்று நிலா சூரியனோடு சேர்ந்து நண்பகலில் உச்சிக்கு வரும், பௌர்ணமியன்று நள்ளிரவில். ஒரு கரையில், நிலா உச்சி கடந்து இத்தனை மணி நேரத்தில் ஏற்றம் என்பது பெரும்பாலும் மாறாத அளவு. ஆகவே ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏற்றம் கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரே மணியில் வரும். அட்டமியன்று அந்த மணியில் ஏற்றத்துக்குப் பதில் வற்றம் இருக்கும். ஓர் ஊர் தன் அமாவாசை மணியை மனப்பாடமாக வைத்திருந்தால், வேறு கருவி எதுவும் இல்லாமலே மாதம் முழுவதையும் தோராயமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய மாலுமிகள் துறைமுகந்தோறும் குறித்து வைத்திருந்ததும் இந்த ஒரு மணியைத்தான். ஹியூவெல் தம் கோடுகளை வரைந்ததும் இத்தகைய மணிகளைக் கொண்டுதான்.

குறை எங்கே? சூரியனும் தண்ணீரை இழுக்கிறது. அதன் ஓதத்துக்குச் சரியாக 12 மணி நேரக் கணக்கு. நிலாவின் ஓதமும் சூரியனின் ஓதமும் சேரும்போதும் பிரியும்போதும், ஏற்றம் இரண்டு நாழிகைக் கணக்குக்கு முந்தியோ பிந்தியோ வரும். நம் கரையில் இந்த விலகல் முக்கால் மணி நேரம் வரை போகலாம். சில நாள் அதற்கும் மேல். போதாததற்கு, நம் பக்கத்தில் ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் அல்ல. நிலா நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ விலகி நிற்கும் நாட்களில் ஒன்று பெரியதாகவும் மற்றொன்று சிறியதாகவும் வரும். எது பெரியது என்று திதி சொல்லாது. பெரிய ஏற்றம் அமாவாசையன்றே வந்துவிடுவதும் இல்லை. ஓரிரு நாள் பிந்தித்தான் வரும். இதை மாமா அறிவார். பலகையைப் படிக்கும் வெளியூர்க்காரர் அறியமாட்டார்.

மூத்தவர்களின் கண் இருக்கும்வரை திதிக் கணக்கு அருமையானது. பலகையில் எழுத அது போதாது.

அச்சிட்ட அட்டவணை

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. இந்தக் கரைகளில் முறையான ஓத அளவீடு 1877-இல் அந்தத் துறையின் கேப்டன் பேர்டு தலைமையில் தொடங்கியது. அளந்த அலையைப் பல தனித்தனித் தாளங்களாகப் பிரித்து, பிறகு வருங்காலத்துக்குக் கூட்டிப் பார்க்க ஓர் எந்திரம் வேண்டியிருந்தது. இந்தியத் துறைமுகங்களுக்காகவே, எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த பல்சக்கரக் கணிப்பு எந்திரம் 1879-இல் லண்டனில் தயாரானது. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சக்கரம். எல்லாச் சக்கரங்களின் அசைவையும் ஒரே கம்பி கூட்டி, சுழலும் தாளில் ஓராண்டின் ஏற்ற வற்றத்தை வரைந்துவிடும். இன்று அதைக் கணிப்பொறி செய்கிறது, கணக்கு அதேதான்.

அட்டவணையின் பெரும் பலம், அது நீண்ட கால அளவீட்டின் மேல் நிற்கிறது என்பது. நிலாவின் பாதை 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சுற்று ஆடி முடிக்கிறது. அதனால் ஏற்றத்தின் அளவு ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறுகிறது. பத்துப் பதினைந்து நாள் அளவை வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது. துறைமுகத்தில் பல ஆண்டுகள் அளந்தவர்களிடம்தான் அது இருக்கும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அளவுகோல் நிற்கும் துறைமுகத்துக்கு அட்டவணை சரி. நம் பொழிக்குத் தோராயம். கொச்சி, தூத்துக்குடி போன்ற முதன்மைத் துறைமுகத்தின் நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டு அல்லது கழி என்று திருத்தம் வைத்துத்தான் சின்னக் கரைகளுக்கு நேரம் காண்பார்கள். அந்தத் திருத்தத்தை யாராவது அளந்து சொல்ல வேண்டும். காயலுக்குள் எவ்வளவு தாமதம் என்பதை எந்த அச்சுப் புத்தகமும் நமக்காக வைத்திருக்காது.

காற்றையும் காற்றழுத்தத்தையும் அட்டவணை அறியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கரையைப் புரட்டிப்போட்டபோது, ஓராண்டு முன்பே அச்சாகிவிட்ட எண்ணுக்கு அது எப்படித் தெரியும்? புயல் இல்லாத காலத்திலும், தென்மேற்குப் பருவத்தில் நம் மேற்குக் கரையின் கடல்மட்டம் தாழ்ந்தும் மார்கழி, தை வாக்கில் உயர்ந்தும் நிற்கும். அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு சாண். ஏற்றமே ஓர் அடியாக இருக்கும் நாளில் ஒரு சாண் என்பது சின்ன விஷயம் அல்ல.

கைப்பேசிச் செயலி

இதில் நான் சற்றுக் கடுமையாகப் பேசுவேன், காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் மைத்துனர் ஒரு செயலி காட்டிய ஏற்ற நேரத்தை நம்பி வள்ளத்தைப் பொழிக்குள் திருப்பினார். மணலில் தட்டி, அலை பக்கவாட்டில் அடித்து, வலையும் எஞ்சினும் போயின. ஆள் பிழைத்தது கடவுள் கிருபை. பிறகு உட்கார்ந்து பார்த்தபோது, எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு அந்தச் செயலி வெகுதொலைவில் உள்ள ஒரு துறைமுகத்தின் நேரத்தைக் காட்டியிருந்தது தெரிந்தது. திரையின் அடியில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில் அது எழுதியிருந்தது.

எல்லாச் செயலிகளும் அப்படி அல்ல. சில, உலகம் முழுவதற்குமான ஓத மாதிரிகளிலிருந்து நேரம் எடுக்கின்றன. அந்த மாதிரிகளை நான் மிகவும் மதிக்கிறேன். 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன் செயற்கைக்கோள் கடல்மட்டத்தை வானிலிருந்து அளக்கத் தொடங்கிய பிறகுதான், நடுக்கடலின் சம நேரக் கோடுகள் ஊகமாக இல்லாமல் அளவாக மாறின. அந்தக் கோள் ஒரே இடத்துக்கு மேல் ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. பன்னிரண்டரை மணி நேரத்தில் ஏறி இறங்கும் தண்ணீரைப் பத்து நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து எப்படிக் கணிப்பது? ஒவ்வொரு முறையும் அலையின் வேறொரு கட்டத்தைக் காண்பதால், நிலாவின் அரைநாள் ஓதம் அந்தக் கோளின் பதிவில் 62 நாள் நீளும் மெல்லிய அலையாகத் தெரியும். பல ஆண்டுப் பதிவைச் சேர்த்து, அதிலிருந்து அசல் ஓதத்தை மீட்டெடுத்தார்கள். இப்படிப்பட்ட உழைப்பைப் படிக்கும்போது மனம் நிறைகிறது.

ஆனாலும் அது நடுக்கடலுக்கானது. பிரெஞ்சு ஆய்வாளர்களின் புகழ்பெற்ற எஃப்இஎஸ் 2014 மாதிரியின் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் பொழியும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) காயலும் எங்கே தெரியும்? கரைக்கு அருகில் வரும்போது ரேடார் அலை நிலத்திலும் பட்டுத் திரும்புவதால் செயற்கைக்கோளின் அளவும் கலங்கிவிடுகிறது. முட்டத்திலோ குளச்சலிலோ திறந்த கடலின் நேரம் வேண்டுமென்றால் நல்ல செயலி உதவும். பொழிக்கு உதவாது.

செயலியைப் பயன்படுத்துவோருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அது எந்த நிலையத்தின் நேரம் என்றும், இந்திய நேரமா உலகப் பொது நேரமா என்றும் முதலில் பாருங்கள். பின்னதாக இருந்தால் ஐந்தரை மணி நேரம் பிசகும்; ஏற்றம் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட வற்றம் வந்து நிற்கும்.

ஹைதராபாத்திலிருந்து வரும் எச்சரிக்கை

இதை மற்ற வழிகளோடு போட்டியாக வைக்கவே கூடாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் மையம் ஓத நேரமும் தருகிறது. அதைவிட முக்கியமாக உயர் அலை எச்சரிக்கையும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் தருகிறது. தெற்கே வெகுதொலைவில், நம் கண்ணுக்கு எட்டாத புயலில் பிறந்த நெடு அலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத வெயில் நாளில் இங்கே கரையேறுவதுதான் கள்ளக்கடல். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. கரையில் நின்ற அந்தப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி அது எங்கும் எழுதியிருக்கவில்லையே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. ஏற்ற நேரத்தோடு கள்ளக்கடல் சேர்ந்தால் தண்ணீர் தெருவுக்குள் வரும். ஆகவே பலகையில் இதற்கெனத் தனி இடம் வேண்டும். அன்றன்று மாற்றி எழுத ஒரு ஆளும் வேண்டும்.

நாமே அளப்பது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி; அதிக உழைப்பும் இதற்குத்தான். பாலத்தின் தூணில் சென்டிமீட்டர் குறித்த நீண்ட பட்டையைக் கட்ட வேண்டும். திறந்த அலையில் எண் படிக்க முடியாது என்பதால், அடியில் சிறு துளைகள் போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதற்குள் மிதவை போட வேண்டும். அலை துளை வழியே உடனே நுழையாது. மெல்ல ஏறி இறங்கும் ஓதம் நுழையும். ஒன்றைக் காயலுக்குள்ளும் இன்னொன்றைக் கடல் பக்கத்துத் தூண்டில் வளைவிலும் வைத்தால், இரண்டுக்கும் இடையிலான தாமதம் கிடைத்துவிடும்.

எத்தனை நாள் அளப்பது? நிலா, சூரியன் ஆகிய இரண்டின் ஓதங்களைப் பிரித்தறிய ஏறத்தாழ 15 நாள் வேண்டும். நிலா பூமிக்கு அருகே வருவதாலும் விலகுவதாலும் உண்டாகும் மாற்றத்தைப் பிரிக்க 28 நாள். ஆகவே 29 நாள் என்பது ஓதக் கணக்கர்களின் பழைய வழக்கம். இன்னும் நுட்பமான சில தாளங்களைப் பிரிக்க அரை ஆண்டு வேண்டும். அவற்றை முதன்மைத் துறைமுகத்தின் அட்டவணையிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம். பல ஆண்டு நினைவை அட்டவணை தருகிறது, நம் பொழியின் குணத்தை நம் அளவுகோல் தருகிறது. இரண்டையும் சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

இரவில் யார் அளப்பது என்பதுதான் பேரவையில் அதிகம் பேசப்பட்டது. பகலில் மட்டும் அளந்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. ஒரு நாளின் இரண்டு ஏற்றமும் நம் கரையில் வேறு உயரம் என்று மேலே சொன்னேன். பகலில் மட்டும் பார்ப்பவருக்கு மற்றொன்று தெரியவே தெரியாது. ஆளால் முடியாவிட்டால் அழுத்தம் பதியும் சிறு உணரியைக் குழாய்க்குள் இறக்கிவிடலாம். ஆனாலும் ஆள் படித்த எண் பக்கத்தில் இருந்தால்தான் உணரி பிசகினாலும் தெரியும்.

ஏற்றம் உச்சிக்கு வந்த நேரத்தைக் குறிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. உச்சியில் தண்ணீர் நெடுநேரம் ஒரே மட்டத்தில் கிடக்கும். ஒரு மீட்டருக்குள் ஏறும் நம் கரையில் அது இன்னும் நீளும். "இப்போதுதான் உச்சி" என்று கண்ணால் சொல்பவர் அரை மணி நேரம் தவறலாம். அதற்குப் பதில், தண்ணீர் ஏறும்போது ஒரு குறியைத் தொட்ட நேரத்தை எழுதுங்கள். இறங்கும்போது அதே குறியைத் தொட்ட நேரத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம்தான் உச்சி. உதாரணத்துக்கு, 5 மணி 10 நிமிடத்துக்கு ஏறும் வழியிலும் 7 மணி 30 நிமிடத்துக்கு இறங்கும் வழியிலும் ஒரே குறியைத் தொட்டால், உச்சி 6 மணி 20 நிமிடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பிழையில்லாமல் செய்வார்கள்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. மணல்மேடு பொழியை மூடிவிடும் மாதங்களில் காயலுக்குள் ஓதமே இருக்காது. காயலில் வந்து சேரும் பழையாற்றில் வெள்ளம் வரும்போது ஆற்றின் மட்டம்தான் இருக்கும். பொழி இடம் மாறினாலோ அகலம் மாறினாலோ தாமதமும் மாறும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இரண்டு வாரமாவது மறுபடி அளக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லை என்றால், பலகையே வைக்காமல் இருப்பது நல்லது.

ஏற்ற நேரமும் ஓட்டம் திரும்பும் நேரமும்

இதை யாரும் கேட்கவில்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான். வெளியே கடல் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கிய பிறகும் காயலின் மட்டம் கடலைவிடத் தாழ்ந்தே இருக்கும். குறுகலான பொழி வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு மட்டமும் சமமாகும் கணத்தில்தான் ஓட்டம் நிற்கும். அது கடலின் உச்சி நேரத்துக்குப் பின்னால் வரும். வற்றத்திலும் இப்படியே. ஆகவே அட்டவணையின் ஏற்ற நேரம் வேறு, பொழியில் நீரோட்டம் அடங்கும் நேரம் வேறு. வள்ளக்காரருக்கு இரண்டும் வேண்டும். ஆழத்துக்கு முதலாவது, ஓட்டத்துக்கு இரண்டாவது.

ஆபத்து பெரும்பாலும் இறங்கும் ஓட்டத்தில் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே பாயும் நீரை எதிரே வரும் கடல் அலை சந்திக்கும்போது, அலை குறுகி, செங்குத்தாகி, வாயிலிலேயே உடைகிறது. குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டினத்துத் துறைமுக முகத்தில் நம் மாவட்டம் இழந்த உயிர்களை எண்ணிப் பார்த்தால், நிமிடக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்றும் அது எவ்வளவு போதாது என்றும் சேர்ந்தே தெரியும். அங்கே மணலும் அலையும் முகத்துவாரத்தின் அமைப்பும் கூடியே ஆளை விழுங்குகின்றன. நேரம் சரி என்பதாலேயே வாயில் பாதுகாப்பாகிவிடாது. விளவங்கோடு பக்கத்தில் வேலியேற்றம், வேலியிறக்கம் என்று சொல்பவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட அதிகம் வற்றும்போது, "கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கியது" என்று செய்தி வருகிறது. நீர்மட்டம் தாழ்ந்ததால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தம் என்றும் வருகிறது. 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நமக்கு அந்தச் சொற்கள் வயிற்றைப் பிசைகின்றன. அன்று பௌர்ணமி வேறு. மணக்குடிப் பாலத்தைப் பிய்த்தெறிந்த அந்தத் தண்ணீருக்கும் திதிக்கும் தொடர்பில்லை. அது சுமத்ரா அருகே நிலம் குலுங்கியதால் வந்தது. ஓதம் ஏறவோ இறங்கவோ ஆறு மணி நேரம் எடுக்கும். சில நிமிடங்களில் கடல் வெகுதூரம் பின்வாங்கினால் அது ஓதம் அல்ல. எந்தப் பலகையையும் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். அன்றைய வற்ற நேரம் பலகையில் இருந்தால், வழக்கமான வற்றத்தைக் கண்டு கலங்காமலிருக்கலாம். வழக்கமில்லாததைச் சட்டென்று அடையாளமும் காணலாம். என் அத்தை அந்த ஆண்டுக்குப் பிறகு இன்றுவரை அமாவாசை இரவில் சரியாகத் தூங்குவதில்லை. அவருக்காகவாவது வற்ற நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

பேரவைக்கு நான் கொடுத்த பரிந்துரை இது. பலகையில் நான்கு நேரம் இருக்கும்: இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், பெரிய ஏற்றத்துக்கு அடிக்கோடு. அவை அட்டவணை நேரமும் நம் திருத்தமும் சேர்ந்தவை. நிமிடத்தைக் கால் மணிக்கு முழுமையாக்கி எழுத வேண்டும்; 6.17 என்று எழுதினால், நம்மிடம் இல்லாத துல்லியம் இருப்பதாக ஆகிவிடும். அதன் கீழே, பொழியில் ஓட்டம் அடங்கும் நேரம். வலது மூலையில் அன்றைய திதி, மாமா போன்றவர்கள் பார்த்தவுடன் ஒத்துப்போகிறதா என்று சொல்ல. இடது மூலையில் சிவப்பில் இன்காய்ஸ் எச்சரிக்கை. எச்சரிக்கை இல்லாத நாளில் "இன்று எச்சரிக்கை இல்லை" என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால், பார்க்கவில்லையா, எச்சரிக்கை இல்லையா என்று தெரியாது.

செயலியையும் சேர்க்கலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். முதல் 29 நாள் செயலியின் நேரத்தையும் பக்கத்துப் பத்தியில் எழுதி வையுங்கள், எது எவ்வளவு விலகுகிறது என்று நம் எண்களே சொல்லட்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். மாமாவின் விரல் கணக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறோம். அவர் தினமும் முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

பாலத்தின் எந்தத் தூணில் பட்டையைக் கட்டுவது என்பது மட்டும் பாக்கி. காயல் பக்கத்துத் தூணில் பாசி அதிகம், எண் மறையும். நடுத்தூணில் ஓட்டம் அதிகம், குழாய் நிற்காது. வருகிற சனிக்கிழமை வற்ற நேரத்தில் இறங்கிப் பார்க்கிறோம். அடுத்த பௌர்ணமியன்று அந்தியில், கிழக்கே நிலா எழும்போது முதல் எண்ணைப் படிப்பதாக ஏற்பாடு. முதல் மூன்று இரவுகளுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நான்காம் இரவுக்கு மைத்துனர் தம் பெயரை எழுதிவிட்டுப் போனார்.